மாப்பிள்ளை மணையும் லாரி ஜாக்கியும்

ஜாக்கி வாங்கப் போகிறவர்கள் முதலில் ஜாக்கியைப் பார்க்கக் கூடாது. தங்கள் வீட்டுத் தரையைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு வரி ஞானத்துக்காக நான் என் கல்யாணத்தையே ஏறக்குறையப் பணயம் வைத்தேன். அப்படியும் திண்டிவனத்தில் ஒருவர்கூட ஜாக்கி பற்றி என்னிடம் யோசனை கேட்பதில்லை. நிலம் வாங்குகிறவன் கேட்கிறான், மாடு வாங்குகிறவன் கேட்கிறான். ஜாக்கி என்றால் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேறு ஆளைத் தேடிப் போகிறான்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு இருபத்தேழு வயது, யூனியன் ஆபீசில் குமாஸ்தா. அப்பாவுக்கு மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை வியாபாரம். அவர் யாரிடமோ வாங்கிய பழைய அம்பாசடர் ஒன்று எங்கள் வீட்டு வாசலில் நின்றது. அதை ரிப்பேர் செய்யும் பொறுப்பை நானாகவே எடுத்துக்கொண்டேன். (தகுதி? மெக்கானிக் ஷெட்டுக்குப் பக்கத்தில் டீ குடிக்கும் பழக்கம்.) ஞாயிற்றுக்கிழமையானால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் போய்விடுவேன். நான் கழற்றிப் போட்டதையெல்லாம் திங்கட்கிழமை மெக்கானிக் வந்து மாட்டிவிட்டுப் போவார்.

அப்படி ஒரு ஞாயிறு, காரோடு வந்த பழைய ஜாக்கி சறுக்கி, கார் என் செருப்பின் மேல் உட்கார்ந்துவிட்டது. (கால் அதில் இல்லை.) அம்மா செருப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இனிமே உருப்படியா ஒரு ஜாக்கி வாங்காம நீ அடியில பூந்தன்னா, நானும் வந்து பக்கத்துலயே படுத்துக்குவேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள். அடுத்த நாளே விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. இரண்டு தரை ஜாக்கிகளை எடுத்து வைத்தார்கள். சக்கரம் வைத்தது, தள்ளிக்கொண்டு போய்க் காருக்கு அடியில் நிறுத்திக் கைப்பிடியை அடித்தால் தூக்கும். ஒன்று சின்னது, அடக்கமானது. இன்னொன்று சிவப்புப் பெயின்ட் அடித்து, கன்றுக்குட்டி படுத்திருப்பதுபோல் கிடந்தது. ஜாக்கியின் உறுதியைக் கண்டுபிடிக்க என்னிடம் ஒரு வழி இருந்தது. என்னால் தூக்க முடிந்தால் அது லேசானது, தூக்க முடியாவிட்டால் உறுதியானது. சின்னதைத் தூக்கினேன், வந்துவிட்டது. சிவப்பைத் தூக்கினேன், இடுப்பில் ஏதோ சத்தம் வந்ததே தவிர அது அசையவில்லை. முடிவு செய்துவிட்டேன்.

கடைக்காரர் பொறுமையான மனிதர். "அது லாரிக்கு ஆவறதுங்க. உங்க வண்டிக்கு சின்னது போதும். வீட்டுல தரை எப்படிங்க, சிமெண்ட்டா?" என்று கேட்டார்.

"ஜாக்கி உறுதியா இருந்தா தரையப் பத்தி என்னாங்க?" என்றேன்.

அவர் பில் போட்டார்.

பஸ்ஸில் அது செய்த அட்டகாசம் தனிக் கதை. சக்கரம் இருக்கிறதல்லவா, டிரைவர் பிரேக் போட்டால் பின்னாலிருந்து முன்னால் போகும், வண்டி கிளம்பினால் முன்னாலிருந்து பின்னால் வரும். விக்கிரவாண்டி வருவதற்குள் எல்லோரும் காலைத் தூக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டார்கள். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்துவிட்டு, "இத்தப் புடிச்சிக்கினு உக்காரு சார், பேஜாரா கீது" என்றார். நான் பெருமையோடு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு வந்தேன்.

பழைய ஜாக்கியை அன்றைக்கே பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டேன். (பழம் நன்றாகத்தான் இருந்தது.) புதிய இரும்பு என்பதால் வெள்ளிக்கிழமை சூடம் காட்டிக் குங்குமம் வைத்த பிறகுதான் தொட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை குங்குமம் வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கக் கிளம்பினோம். இடையில் ஒரு தடவைகூட அதை அடித்துப் பார்க்கவில்லை.

பெண் வீடு கிளியனூர் தாண்டி உள்ளே ஒரு கிராமத்தில். சொந்த நிலத்தில் பயிர் வைக்கிற குடும்பம். எனக்குப் பெண் தேடித் தேடி அம்மா ஓய்ந்து போயிருந்தாள். ஒரு இடத்தில் ஜாதகம் சரியில்லை, ஒரு இடத்தில் நான் சரியில்லை. இதுவும் நடக்காவிட்டால் இனி ஒரு வாசற்படியும் ஏற மாட்டேன் என்று சொல்லித்தான் புடவை கட்டினாள். பெண்ணின் போட்டோவை எனக்குக் காட்டவில்லை. நேரில் பார்த்துக்கொள் என்றாள். அப்பா, அம்மா, அம்மாவின் தம்பி ஏழுமலை மாமா, பழத்தட்டு, பூ, டிக்கியில் ஜாக்கி. இவ்வளவு கனத்தையும் இழுத்துக்கொண்டு கார் போனது. ஓட்டியது நான்.

ஊர் எல்லையில், மணல் கலந்த செம்மண் பாதையில் பின் டயர் பஞ்சர். உள்ளே இருந்த கனத்தால்தான் என்று அப்பா சாகும்வரை சொன்னார். எனக்கோ ஒரே சந்தோஷம். சட்டையைக் கழற்றிக் காருக்குள் போட்டேன். பனியனோடு, வேட்டியை மடித்துக் கட்டி, மாமாவும் நானுமாக ஜாக்கியை இறக்கினோம். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கைப்பிடியை அடித்தேன்.

கார் மேலே வரவில்லை. ஜாக்கி கீழே போனது. இன்னும் அடித்தேன், இன்னும் போனது. முதலில் சக்கரங்கள் மறைந்தன, பிறகு வெள்ளிக்கிழமை வைத்த குங்குமம் மறைந்தது. "என்னாடா, கெணறு வெட்டறியா?" என்றார் மாமா.

அடியில் கெட்டியாக ஒரு பலகை கொடுத்தால் தூக்கிவிடும் என்று சொல்லிவிட்டு, வயலைக் குறுக்கே கடந்து, கண்ணில் பட்ட முதல் வீட்டின் பின்பக்கம் போனேன். கிணற்றடி. ஒரு முருங்கை மரம், அதில் கட்டிய கறுப்பு ஆடு. தலையை அள்ளி முடிந்துகொண்டு ஒரு பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். என் முகத்தில் மண், கையில் கிரீஸ். யார், எதற்கு வந்தேன் என்றெல்லாம் சொல்ல வெட்கமாக இருந்தது. வண்டி மண்ணில் மாட்டிக்கொண்டது, ஒரு பலகை கிடைக்குமா என்று மட்டும் கேட்டேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கழுவிச் சுவரில் சாய்த்திருந்த ஒரு மணைப்பலகையை எடுத்துக் கொடுத்தாள். "ஜல்தி கொண்டாந்துடுங்க டிரைவரண்ணே. வீட்டுல விசேஷம் கீது" என்றாள். சொல்லும்போது லேசாகச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு நன்றாக இருந்தது. 'அண்ணே' மட்டும் ஜாக்கியே நெஞ்சில் விழுந்ததுபோல் இருந்தது. பலகையைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது, பார்க்கப் போகிற பெண் இவளாக இருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. உண்மையாகவே வருத்தப்பட்டேன்.

ஜாக்கியைத் தோண்டி எடுத்துப் பலகையின் மேல் வைத்து அடித்தேன். கார் எழுந்தது. டயர் மாற்றி முடித்து, கடைசி நட்டையும் முறுக்கிவிட்டு, "பார்த்தீங்களா?" என்று அப்பாவிடம் திரும்பியபோது படாரென்று சத்தம் கேட்டது. பலகை நடுவில் நீளவாக்கில் பிளந்து இரண்டாகிவிட்டது. கார் நல்ல டயரில் சொகுசாக இறங்கி நின்றது. ஜாக்கியில் ஒரு கீறல்கூட இல்லை.

நல்ல நேரம் போகிறது, திரும்பும்போது நஷ்டத்தைக் கொடுத்துவிடலாம் என்றார் அப்பா. இரண்டு துண்டுகளையும் டிக்கியில் ஜாக்கிக்கு அடியில் போட்டோம். முகம் கழுவினேன், சட்டையைப் போட்டேன், ஊருக்குள் விசாரித்துக்கொண்டு பெண் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். வாசல் பக்கத்திலிருந்து வீடு அடையாளம் தெரியவில்லை. கூடத்துக்குள் போய் நின்று, திறந்திருந்த பின்கதவு வழியாகப் பார்த்தேன். கிணற்றடி. முருங்கை மரம். கறுப்பு ஆடு.

அவளேதான் என்று ஒரு சந்தோஷம், ஐயோ அவளேதான் என்று ஒரு நடுக்கம்.

"செத்த நில்லுங்க மாப்ள, மணை வந்துடட்டும்" என்றார் பெண்ணின் அப்பா. உள்ளே தேடும் சத்தம். அவர் எங்களிடம் விளக்கம் சொன்னார். மூத்த இரண்டு பெண்களையும் பார்க்க வந்த மாப்பிள்ளைகள் அந்த மணையில் உட்கார்ந்துதான் சம்பந்தம் முடிந்ததாம். அவ்வளவு ராசியாம். ஏழுமலை மாமாவுக்கு பஜ்ஜி தொண்டையில் அடைத்துக்கொண்டது.

பெண் காபியோடு வந்தாள். என்னைப் பார்த்தாள்.

"எம்மா மங்கை, மணை எங்கம்மா?"

"யாரோ டிரைவரண்ணன் கேட்டாருப்பா. வண்டி மாட்டிக்கினு கீதுன்னாரு. ஜல்தி தர்றேன்னு வாங்கிக்கினு போனாரு" என்றாள். அவ்வளவையும் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அதன்பிறகு அந்த டிரைவர் வாங்கிய வசவை நான் இங்கே எழுத முடியாது. அவன் பரம்பரையே விளங்காது என்று அவள் அப்பா முடித்தபோது, அந்தப் பரம்பரையின் மூத்தவரான என் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க வர்ற வழியில எதனா வண்டி நின்னுக்கினு இருந்துதுங்களா?" என்று அவரிடமே கேட்டார் பெண்ணின் அப்பா.

அப்பா பொய் சொல்ல மாட்டார். "ஒண்ணு நின்னுக்கினு இருந்துதுங்க" என்றார்.

"அப்பிடின்னா பூட்டிருக்க மாட்டான், அங்கதான் இருப்பான்" என்று அவர் சைக்கிளை எடுக்கக் கிளம்பினார். அம்மாவைப் பார்த்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். இனி ஒரு வாசற்படியும் ஏற மாட்டாள் என்பது ஞாபகம் வந்தது. வெளியே போய், டிக்கியைத் திறந்து, ஜாக்கியோடு மல்லுக்கட்டி, இரண்டு துண்டுகளையும் உருவிக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் நின்றேன். "அந்த டிரைவர் நான்தாங்க" என்றேன்.

பெண்ணின் அம்மா, மாப்பிள்ளை மணை உடைந்துவிட்டதே, நல்ல சகுனமா இது என்று மெதுவாகச் சொன்னார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பெண்ணின் அப்பா மார்பில் கைகளைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றார்.

"கல்யாணத்துக்கு எப்பிடியும் ரெண்டு மணை வேணுமில்லப்பா" என்று ஒரு குரல் கேட்டது. மங்கைதான். "இப்ப ரெண்டாயிடுச்சி."

அவள் அப்பா அவளைப் பார்த்தார், துண்டுகளைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"வண்டியாவது எழுந்துதா?"

"எழுந்துதுங்க."

"ஜாக்கி?"

"அதுக்கு ஒண்ணும் ஆவலைங்க."

அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு மாமா. அம்மா சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாரோ அடுத்த தட்டு பஜ்ஜி கொண்டுவந்தார்கள்.

திருவாமாத்தூர் கோயிலில் கல்யாணம். தச்சர் இழைத்துக் கொடுத்த அந்த இரண்டு துண்டுகளில்தான் உட்கார்ந்தோம். என்னுடையதில் நான் பாதி மணையிலும் பாதி தரையிலும் இருந்தேன். முன்பின் தெரியாத டிரைவருக்கு ஏன் அந்த மணையை எடுத்துக் கொடுத்தாய் என்று பிறகு கேட்டேன். "எந்தத் தடியன் வந்து அதுல உக்காரப் போறானோன்னு கடுப்புல இருந்தேன்" என்றாள் மங்கை.

ஜாக்கி எங்கள் மண் வாசலிலும் புதைந்துகொண்டே இருந்தது. கடைசியில் அப்பா அதற்காகவே வாசல் முழுக்க சிமெண்ட் போட்டார். சிமெண்ட் காய்வதற்குள் காரை விற்றுவிட்டார். இப்போது வாசல் கேட் காற்றில் அடித்துக்கொள்ளாமல் ஜாக்கி அதற்கு முட்டுக்கொடுத்துக் கிடக்கிறது. உறுதியில் இன்றைக்கும் குறை சொல்ல முடியாது.

போன மாதம் எங்கள் மருமகன் காரில் வந்து இறங்கினார். பின் டயரைக் காலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "ஜாக்கி எதனா இருக்குதுங்களா மாமா?" என்று கேட்டார். ஜாக்கியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று அவருக்கு முதலிலிருந்து சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் சமையல்கட்டிலிருந்து பதில் வந்துவிட்டது.

"இருக்குது மாப்ள. மொதல்ல அந்த டிரைவரண்ணன வாங்கின பலகையக் குடுக்கச் சொல்லுங்க."