ஆலோசனைச் சபைக் கதிரைமேல் ஆழ்வாப்பிள்ளை படையெடுத்த பர்வம்

திரைக்கடல் நாற்புறமும் முழங்க நடுவே நின்று நனையாதிருக்கும் அனலைதீவின் தவப்புதல்வனை, வெண்ணீறு துலங்கு நெற்றியனை, வேட்டிக்கரை கசங்கா வீரனை, குருநாகல் நகரிலே பலசரக்குக் கடை கண்ட பெருவணிகனை, இலட்சுமிப்பிள்ளை மணாளனாம் ஆழ்வாப்பிள்ளையைப் பாடப் புகுகின்றோம். ஆனைமுகத்தானே, எழுத்தாணி ஒடியாமல் காத்தருள்க! பாட்டுடைத் தலைவர் அவ்வேளை கிணற்றடியில் சவரம் செய்துகொண்டிருந்தார்.

ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்து நான்காம் ஆண்டு, சோளகக் காற்று பனைகளின் தலைமயிரைப் பிடித்து உலுப்பிய ஆனி மாதத்திலே, ஊர்காவற்றுறையிலிருந்து கடல் கடந்து வந்தது ஒரு செய்தி. தீவுப் பகுதியின் பொருளாதாரத்தை ஈடேற்ற ஆலோசனைச் சபை ஒன்று அமையப்போகிறது. தீவுக்கு ஒருவர் தொண்டராக வரவேண்டும். சம்பளம் கிடையாது, வள்ளக் கூலியும் தன் கையால். கூட்ட நாளில் தேத்தண்ணியும் தின்ன ஒரு இனிப்புப் பணிசும் உண்டு. அன்றே ஊரில் பாதிப் பேருக்கு நித்திரை போய்விட்டது.

ஆழ்வாப்பிள்ளைக்கோ முழு நித்திரையும் போயிற்று. பணிசுக்காக அல்ல. குருநாகலில் இருந்த காலமெல்லாம், விடியற்காலை கடைக்கதவு திறக்குமுன்னே, மகளின் கலியாணமோ மாட்டின் வயிற்றுப்போக்கோ, எதுவாயினும் "முதலாளி, என்ன செய்வம்?" என்று கேட்டு நாலுபேர் வாசலில் நிற்பார்கள். போன ஆடியில் கடை எரிந்தது. அகதிகளோடு கப்பலேறி வந்து மனைவியின் சீதன வீட்டில் குடியமர்ந்த நாள்முதல், "எப்ப வந்தனீங்கள்?" என்பதைத் தவிர ஒருவரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கடை போன துக்கத்தைவிட அந்தத் துக்கம் பெரிது. அந்தக் கதிரையில் ஏறிவிட்டால், மாதம் ஒரு தடவையாவது யாராவது அவரிடம் யோசனை கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஆனால் இத்தீவின் யுத்த தருமம் ஒன்றுண்டு, அறியாதார் அறிக. விரும்பிய பொருளை விரும்பியதாகக் காட்டுதல் மகாபாவம். தேத்தண்ணி வேண்டுமா என்றால் முதலில் "வேண்டாம்". மீண்டும் கேட்டால் "இப்பதான் குடிச்சனான்". மூன்றாந்தரமும் வற்புறுத்தினால் மாத்திரம் "சரி, ஒரு சொட்டு" என்று சொல்லி முழுக் கோப்பையையும் குடிக்கவேண்டும். சம்பந்தம் பேசினாலும் இதுவே விதி, கோயில் தர்மகர்த்தா வேலைக்கும் இதுவே விதி. கேட்ட வாய்க்கு ஓம் என்பவனைக் காய்ஞ்ச மாடு கம்பில் விழுந்ததென்று காலம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆகவே நம் தலைவர் மனைவியின் தம்பியாம் கதிர்காமுவை, கத்தரிக்காய்த் தோட்டத்து மன்னனை, பத்துப் பேருக்கு முன்னால் வாய் திறந்தறியாத மௌன வீரனை அழைத்து மந்திராலோசனை நடத்தினார். கதிர்காமு எழுந்து அத்தானின் பெயரை முன்மொழிவான், அத்தான் மறுப்பார், கதிர்காமு வற்புறுத்துவான், அத்தான் மறுபடி மறுப்பார், மூன்றாந்தரம் கதிர்காமு கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்க, அத்தான் ஊருக்காகத் தம்மைத் தியாகம் செய்வார். இரண்டாம் மறுப்புக்கு ஓர் இருமலும் சேர்த்துப் பழகினார்கள். இலட்சுமிப்பிள்ளை இருமலைக் கேட்டுக் குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, மருந்துக்குக் கோடாசூரணம் கொண்டு வரட்டோ என்று கேட்டாள்.

போர் நாளும் புலர்ந்தது. சனசமூக நிலையத்து வாங்குப் பலகைகளில் சேனைகள் அணிவகுத்தன. நடுநாயகமாக வீற்றிருந்தார் ஊர்காவற்றுறையிலிருந்து வந்த உத்தியோகத்தர். காலையில் கடல் அவரைப் படுத்திய பாட்டில் குடலிலிருந்ததையெல்லாம் சமுத்திரராசனுக்குத் திறை செலுத்திவிட்டு, வெளிறிய முகத்தோடு சோடாவைக் கையிலேந்தியிருந்தார். பின்னேரம் காற்று இன்னும் மூளுமென்று வள்ளக்காரன் பஸ்ரியாம்பிள்ளை சொல்லிவைத்த சொல் ஒன்றே அவர் காதில் ரீங்காரித்தது.

"ஆர் தொண்டா வாறியள்?" என்று அவர் கேட்டதும், ஆசை கொழுந்துவிட்டெரிந்த அத்தனை பேரும் ஒருசேரக் கூரையைப் பார்த்தார்கள். அப்போது எழுந்தான் கதிர்காமு; அத்தானின் பெயரை மொழிந்தான். மண்டபம் திரும்பிப் பார்த்தது. ஆழ்வாப்பிள்ளை மெல்லச் சால்வையை ஒதுக்கி, கம்பீரத்தையெல்லாம் குரலில் தேக்கி முதற்கணை தொடுத்தார்.

"எனக்கென்ன தெரியும்? எத்தினை பெரியாக்கள் ஊரிலை இருக்கினம்."

கதிர்காமு வற்புறுத்தினான். தலைவர் இரண்டாவதாகப் பிரம்மாஸ்திரத்தையே எடுத்தார். காலம் இல்லை, உடம்பும் ஏலாது என்று உரைத்து, பழகிய இருமலை இருமினார். ஐயோ, கலையின் வெற்றியே கலைஞனுக்கு எமனானது! உள்ளிருந்து அடிவயிறு குலுங்கிப் புறப்பட்ட அவ்விருமலைக் கேட்டு முன்வாங்குச் செல்லாச்சி கண்ணைத் துடைத்தாள். மூன்றாம் வேண்டுதலை எதிர்நோக்கித் தலைவர் அடக்கத்தோடு கண்களை மூடிக்கொண்டார்.

அந்தக் கணத்தில், பாஞ்சசன்னியம் முழங்கினாற்போல இறங்குதுறையில் முழங்கியது, பழைய பஸ் ஒன்றிலிருந்து கழற்றிப் பஸ்ரியாம்பிள்ளை தன் வள்ளத்தில் பூட்டியிருந்த ஹோர்ன். உத்தியோகத்தர் துள்ளி எழுந்தார்.

"அவருக்கு ஏலாதெண்டால் கரைச்சல் குடுக்கக்கூடாது. தம்பி, நீர் வாருமன்."

பிறந்த நாள்முதல் எந்த உத்தியோகத்தரும் கதிர்காமுவை ஒன்றும் கேட்டதில்லை. கேட்டதும் அவன் வாய் அவனைக் கேளாமலே "ஓம்" என்றது. கண்ணைத் திறந்த தலைவர் கண்டது, மச்சானின் பெயரை எழுதி முடித்துப் பேனையை மூடும் உத்தியோகத்தரின் கையை.

சொல்லட்டுமா, வள்ளத்துக்குப் பறந்த உத்தியோகத்தரைத் தலைவர் துரத்திய துரத்தலை! ஓடினால் ஆசை வெளிப்படும். நடந்தால் வள்ளம் போய்விடும். ஆகவே ஓட்டமுமாகாத நடையுமாகாத ஒரு புதுக்கதியில், சோளகம் வேட்டியை வள்ளப்பாயாக விரிக்க, ஒழுங்கையெல்லாம் புழுதி பறக்க, குரக்கன் கொல்லையில் நின்ற ஆடுகள் வழிவிட, இறங்குதுறை சேர்ந்தார் ஆழ்வாப்பிள்ளை. உடம்பு ஏலும், ஐயா, நல்லாய் ஏலும் என்று சொல்ல வாயெடுத்தார். மூச்சு வாங்கியது; வந்தது இருமல்தான், இம்முறை பழகாத இருமல்.

வள்ளத்துள் பலகையை இறுகப் பிடித்திருந்த உத்தியோகத்தர் மனமிரங்கி, "ஐயா, உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று கத்தினார். வேறு வழியில்லாமல் தலைவர் கையசைத்தார்.

வீடு மீண்டவர் கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். மச்சான் துரோகி என்று மனைவியிடம் பிரகடனம் செய்தார். நீங்கள்தானே மாட்டன் எண்டு சொன்னியளாம் என்றாள் அவள். அந்த மனுசனுக்கு அன்று உண்மையாகவே நெஞ்சு நொந்தது. கடை எரிந்த அன்றுகூட அழாதவர், சுவரைப் பார்த்தபடி மூக்கை உறிஞ்சினார்.

பொழுது சாய, வாசற் படலையடியில் வந்து நின்றான் கதிர்காமு, வென்ற சுவடு கொஞ்சமுமின்றி.

"அத்தான், அங்கை போய் என்ன சொல்லுறதெண்டு எனக்கொரு மண்ணும் தெரியாது. என்ன செய்வம்?"

ஆகா, எத்தனை மாதத்துக்குப் பின் ஒலித்த திருவாக்கு! ஆயினும் ஆழ்வாப்பிள்ளையின் தொண்டைக்குள் மூதாதையர் எல்லோரும் அணிதிரண்டு எழுந்தனர். முதல் மறுப்பு கவசம் பூண்டு நாவின் நுனிக்கு வந்தது. இரண்டாம் மறுப்பு அதன் பின்னே வாளுருவி நின்றது. பரம்பரை மானமெல்லாம் மூன்றாம் வேண்டுதலுக்காகக் காத்துக் கொடிபிடித்து நின்றது. பதில் வராததைக் கண்ட கதிர்காமு மெல்லத் திரும்பி, படலைக் கயிற்றில் கைவைத்தான்.

"ஓம், வந்து இரும், சொல்லுறன்" என்றார் ஆழ்வாப்பிள்ளை.