காணாமல் போன இரண்டாவது டிஸ்க்

"டிஸ்க்கை மாட்டியாச்சு, லைட்டும் எரியுது. அப்புறம் ஏன் சார் தெரியல?" என்றார் போட்டோ ஸ்டுடியோ முதலாளி.

சர்வர்காரர் லேப்டாப்பை முறைத்துக்கொண்டிருந்தார். லினக்ஸ் சர்வரில் டிஸ்க்கை மாட்டினால் அதன் பெயரில் ஒரு கோப்பு தானாக முளைக்க வேண்டும். முதல் டிஸ்க்கின் கோப்பு இருந்தது. இரண்டாவதைக் காணோம். அதில்தான் ஒரு ஜோடியின் கல்யாணப் போட்டோ முழுவதும் இருந்தது. பதினோரு மணிக்கு அவர்கள் வந்துவிடுவார்கள்.

அவர் பழைய கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் சர்வரைக் கட்டி மேய்த்து, ஓய்வுபெற்று மூன்று வாரம்தான் ஆகிறது. வீட்டில் சும்மா உட்கார முடியாமல் இங்கே வந்தார். இன்று முதல் நாள். இதைச் சரிசெய்தால்தான் வேலை நிலைக்கும்.

"கேபிளைக் கழட்டி மாட்டுங்க" என்றார்.

முதலாளி சர்வர் பெட்டி இருந்த உள் அறைக்கு ஓடினார். மாட்டினார். கோப்பு வரவில்லை. பெட்டியின் ஸ்குரூ ஒன்று மேஜைக்கடியில் உருண்டு போனதுதான் மிச்சம்.

"சரி, ரீஸ்டார்ட் போடறேன்."

"சார், லைட்டு அணையவே இல்லையே?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இப்ப வர்றதெல்லாம் அப்படித்தான். உள்ளுக்குள்ளயே அணைஞ்சு எரியும்."

சொல்லும்போதே அவருக்கு மனசு கனத்தது. பழைய ஆபீஸில் ரீஸ்டார்ட் போட்டால் முப்பது பேர் ஒரே குரலில் "ஐயோ!" என்பார்கள். திட்டுவார்கள், பிறகு டீ வாங்கித் தருவார்கள். இங்கே திட்டக்கூட ஆளில்லை. ஆனாலும் இன்று காலை லேப்டாப்பைத் திறந்ததும் விரல்கள் தாமாகவே ஓடி, முகவரியும் பாஸ்வேர்டும் தட்டி, நெட் வழியே சர்வருக்குள் நுழைந்தபோது, மூன்று வாரத்தில் முதல்முறையாக வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. எல்லா லினக்ஸுக்கும் ஒரே முகம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

ஜோடி வந்து உட்கார்ந்தது. மணப்பெண் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அந்தக் காலத்துல இந்தக் கோப்பை நாங்களே கையால செய்வோம்" என்று சொல்லி சர்வர்காரர் ஒன்றைச் செய்தார். திறந்தால், அப்படி ஒரு டிஸ்க்கே இல்லை என்றது சர்வர். வெறுத்துப்போய் மறுபடி ரீஸ்டார்ட். மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று.

அதற்குள் முதலாளி பெட்டி மூடியையும் கழற்றிவிட்டார். அதைத் திரும்ப மாட்ட வரவில்லை.

"இருக்கற போட்டோவும் போச்சா?" என்றான் மாப்பிள்ளை. மணப்பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சார், உங்களுக்கு இது சரிப்படாது போலிருக்கு" என்றார் முதலாளி. சர்வர்காரரின் இருபத்திரண்டு வருஷ அனுபவம், ஒரே காலையில் மண்ணாகப் போய்விட்டது.

அப்போது செல்போன் அடித்தது. பழைய ஆபீஸ் டைப்பிஸ்ட். கூடவே வளர்ந்த தங்கை மாதிரி அவள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"நீயாவது என்னை நினைச்சியேம்மா!"

"நினைக்காம என்ன அண்ணே? உங்க லாகின் பேரை அழிக்க மனசு வராம நம்ம சர்வர்ல அப்படியே விட்டு வச்சோம். அதுக்காக காலையிலேர்ந்து நாலு தடவை எங்க சர்வரை ரீஸ்டார்ட் போடுவீங்களா?"