பொதுமக்கள் நாற்காலி

“ஆள் வந்தாச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க” என்றார் குழுத் தலைவி.

செயலாளர் நாற்காலியைப் பார்த்தார். அது காலியாகத்தான் இருந்தது. அதற்கு முன்னால் மேசைமீது ‘பொதுமக்கள் பிரதிநிதி’ என்று எழுதிய அட்டை மட்டும் தேமே என்று நின்றுகொண்டிருந்தது.

“வந்துக்கிட்டே இருக்காராம், மேடம்.”

“போன கூட்டத்துலயும் வந்துக்கிட்டேதான் இருந்தார். தவழ்ந்து வந்திருந்தாக்கூட இந்நேரம் வந்து சேர்ந்திருப்பார்.”

வெளியே மழை. உள்ளேயும் கொஞ்சம் மழைதான். கூரை ஒழுகுகிற இடத்தில் பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார்கள். ‘வன மற்றும் வனவிலங்கு வாழிட மேலாண்மைப் பொது ஆலோசனைக் குழு’ என்ற பலகை கதவைவிட அகலமாக இருந்ததால் பாதி கதவிலும் பாதி சுவரிலுமாகத் தொங்கியது. அலமாரிமேல் பஞ்சடைத்த ஆந்தை ஒன்று. அதற்கு ஒரு கண் எப்போதோ விழுந்துவிட்டது. மிச்சமிருந்த கண்ணால் அது செயலாளரையே முறைப்பதுபோல் அவருக்குத் தோன்றும்.

மேசையைச் சுற்றித் தலைவியான வன அதிகாரி, பறவைப் பேராசிரியர், மரவாடி முதலாளி ஆகிய மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். டீக்காரர் கீழே டீ வாங்கப் போயிருந்தார். சும்மா சொல்லக்கூடாது, குழு தொடங்கிய நாளிலிருந்து அங்கே ஒழுங்காக நடந்த ஒரே காரியம் டீதான். அந்த மனிதரை ஏற்பாடு செய்தது செயலாளர் என்று தலைவி நினைத்திருந்தார். தலைவிதான் என்று செயலாளர் நினைத்திருந்தார். இரண்டு பேருமே மனசுக்குள் அடுத்தவரைப் பாராட்டிக்கொண்டார்கள்.

“தலைமை அலுவலகத்துலேருந்து தெளிவா சொல்லிட்டாங்க” என்றார் தலைவி. “பொதுமக்கள் இல்லாம பொதுக் குழு கிடையாது. இன்னிக்கும் அந்த நாற்காலி காலின்னா குழுவைக் கலைச்சிடணும்.”

செயலாளர் என்றால் ஏதோ பெரிய பதவி என்று எண்ணிவிட வேண்டாம். குழு இருக்கும்வரை வேலை, குழு போனால் அவரும் போக வேண்டியதுதான். அதற்குமுன் பார்த்த வேலைகளும் ஒன்றுகூட நிலைக்கவில்லை. மாமனார் வீட்டு மாடியறையில் குடித்தனம். காலையில் குடையை எடுக்கும்போதுகூட மாமனார், “என்ன மாப்பிள்ளை, இந்த வேலையாவது தங்குமா?” என்று அன்பாகத்தான் கேட்டார். அந்த அன்புதான் தாங்க முடியவில்லை.

கலைந்தால் அவரோடு போகப்போவது ஒரு காட்டுத் துண்டும்தான். இரண்டு பெரிய காடுகளுக்கு நடுவே மான்கள் தண்ணீருக்குக் கடந்து போகிற ஒடுங்கிய மரத்தோப்பு. அதைக் காப்பதா, வெட்டுவதா என்று குழு சொல்ல வேண்டும். குழு இல்லையென்றால் அது தானாகவே மரவாடிக்குக் குத்தகையாகிவிடும். அதனால்தான் மரவாடி முதலாளி அவ்வளவு நிம்மதியாகப் பல் குத்திக்கொண்டிருந்தார்.

செயலாளர் வராந்தாவுக்கு ஓடி, பிரதிநிதி வீட்டுக்குப் போன் போட்டார். வழக்கம்போல அந்த வீட்டம்மாதான் எடுத்தார்.

“அவர் அப்பவே கெளம்பிட்டாரேங்க. சட்டைக்கு இஸ்திரியெல்லாம் போட்டுக்கிட்டு.”

“எங்க கெளம்பினார்?”

“கூட்டத்துக்குத்தான். ஒரு கூட்டத்தைக்கூட அவர் விட்டதில்லீங்களே.”

நாக்கில் சனி என்பார்களே, அது அந்த நேரத்தில் செயலாளருக்கு வந்து உட்கார்ந்தது.

“என்னம்மா சொல்றீங்க? அவர் ஒரு கூட்டத்துக்கும் வந்ததே இல்ல. அவர் மூஞ்சியைக்கூட நான் பார்த்ததில்ல!”

“அப்போ எங்க போறாரு?” என்று அந்தம்மா கேட்டார். கேட்டதோடு போன் துண்டிக்கப்பட்டது.

ஒரு குடும்பத்தில் தீ வைத்துவிட்டோமே என்று செயலாளருக்கு உறைத்தது. வருத்தப்பட நேரமில்லை. தன் வீட்டில் பற்றிக்கொள்ளப்போகும் தீயை முதலில் அணைக்க வேண்டும். மனைவியின் தம்பியை அழைத்தார். அவன் வேலை தேடுகிறேன் என்ற பெயரில் பக்கத்துத் தெருவில்தான் எங்காவது நின்றுகொண்டிருப்பான்.

“மச்சான், உடனே ஆபீசுக்கு வா. ஒரு நாற்காலியில உக்காரணும், அவ்வளவுதான்.”

“உக்கார்றதுக்கா மாமா? அது எனக்கு நல்லா வரும்.”

வந்தவனைப் படிக்கட்டிலேயே மடக்கிப் பாடம் நடத்தினார். “வாயைத் திறக்காதே. எல்லாத்துக்கும் தலையை மட்டும் ஆட்டு.”

“யாருன்னு கேட்டா?”

“பொதுமக்கள்னு சொல்லு.”

“ஒருத்தனை எப்படி மாமா மக்கள்னு...”

“நடடா உள்ளே!”

மைத்துனன் போய் நாற்காலியில் அமர்ந்தான். தலைவி கண்ணாடியை இறக்கி அவனைப் பார்த்தார். “வாங்க. ஒருவழியா வழி தெரிஞ்சுதா?” அவன் தலையை ஆட்டினான். செயலாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போது டீக்காரர் ஃபிளாஸ்க்கும் கோப்பைகளுமாக உள்ளே நுழைந்தார். நாற்காலியில் இருந்தவனைக் கண்டதும் நின்றுவிட்டார். அட்டையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

இந்த ஆள் மைத்துனனை எங்காவது தெருமுனையில் பார்த்திருப்பானோ என்று செயலாளர் பதறிப்போனார். முந்திக்கொண்டு, “அண்ணே, முதல்ல சாருக்கு டீ குடுங்க. உறுப்பினர்” என்றார்.

“உறுப்பினருங்களா?”

“ஆமா. பொதுமக்கள் பிரதிநிதி. இனிமே இவர்தான் வருவார்.”

“சரிங்க” என்றார் டீக்காரர். முதல் கோப்பையை மைத்துனனுக்குக் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்கும் ஊற்றிவிட்டு, வராந்தாவுக்குப் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகம் என்னவோபோல் வாடியிருந்தது. நனைந்துவிட்டார், பாவம் என்று செயலாளர் நினைத்துக்கொண்டார்.

தோப்பு விவகாரம் விவாதத்துக்கு வந்தது.

“எல்லாம் கிழட்டு மரம். வெட்டினா காட்டுக்கே நல்லது” என்றார் மரவாடி முதலாளி. மைத்துனன் தலையை ஆட்டினான்.

“அந்தக் கிழட்டு மரப் பொந்துலதான் பறவை முட்டை வைக்குது. மானுக்கும் வேற வழி கிடையாது” என்றார் பேராசிரியர். மைத்துனன் அதற்கும் ஆட்டினான்.

தலைவி பேனாவைக் கீழே வைத்தார். “நீங்க ஒருத்தர் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். பொதுமக்கள் சொல்றதுதான் முடிவு. சொல்லுங்க சார், வெட்டலாமா, கூடாதா?”

மைத்துனன் செயலாளரைப் பார்த்தான். செயலாளர் ‘கூடாது’ என்று கண்ணாலேயே சொன்னார். கண் சொன்னது அவனுக்குப் புரியவில்லை.

“ரெண்டு சாரும் பெரியவங்க. பாதி வெட்டிட்டு பாதி விட்டுடலாமே?”

“மான் பாதி தூரம் போயிட்டுத் திரும்பி வந்துடுமா?” என்று பேராசிரியர் எகிறினார்.

“திரும்பி வரட்டுமே சார், அதுக்கு என்ன அவசரம்?”

முதலாளி இடிஇடியென்று சிரித்தார். பேராசிரியர் எழுந்தே விட்டார். அந்த ரகளையின் நடுவே மைத்துனனின் கைபேசி அலறியது. எடுத்து, “ம்... ம்...” என்று கேட்டவன், மேசைக்குக் குறுக்கே அதை நீட்டினான்.

“மாமா, அக்காதான். மாடியறை பல்பு போயிடுச்சாம். வரும்போது வாங்கிட்டு வரணுமாம்.”

செயலாளர் கைபேசியை வாங்கவுமில்லை, தள்ளவுமில்லை.

“உங்க மச்சானா?” என்று தலைவி கேட்டார்.

“மேடம், அவனும் ஒரு விதத்துல பொதுமக்கள்தானே...”

சப்பைக்கட்டு அவருக்கே சகிக்கவில்லை. பாதியில் நிறுத்திக்கொண்டார். மைத்துனன் மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, யாரும் சொல்லாமலே எழுந்து போனான்.

தலைவி திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் கணினியைத் திருப்பித் தட்டச்சு செய்யத் தொடங்கினார். தட்டத் தட்ட வாசித்தார். “பொதுமக்களுக்கு இந்தக் குழுவின்மேல் எந்த அக்கறையும் இல்லாததால், குழு இன்றோடு கலைக்கப்படுகிறது.” கடைசியாக ஒரு பொத்தானை அமுக்கினார். கடிதம் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது.

“நல்ல முயற்சி. மக்கள்தான் சரியில்ல” என்று மரவாடி முதலாளி ஆறுதல் சொன்னார். பேராசிரியர் தன் பைனாகுலரைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினார். இனி அதற்கு வேலை இருக்காது என்பதுபோல் மெதுவாக மூடினார். செயலாளருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மான்களுக்காகவா, தனக்காகவா என்று பிரித்துப் பார்க்கிற நிலையில் அவர் இல்லை. மாமனார் இன்றைக்கு ஒன்றும் கேட்காமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டார்.

கதவு படாரென்று திறந்தது. சொட்டச் சொட்ட நனைந்த ஒரு அம்மா, மடக்கிய குடையைத் தடிபோல் பிடித்தபடி உள்ளே வந்தார்.

“என் வீட்டுக்காரர் இங்க வந்ததே இல்லன்னு போன்ல சொன்னது யாருங்க?”

செயலாளர் மெல்ல எழுந்தார். “நான்தாம்மா. மன்னிச்சுக்குங்க. ஆனா உண்மை அதான்.”

“அதெப்படிங்க? கூட்டம்னு கடுதாசி வந்தா அன்னிக்கே சட்டையை எடுத்து வச்சுடுவாரு. எங்க வீட்டுக்குப் பின்னாலதான் அந்தத் தோப்பு. மான் போற வழியை வெட்டக் கூடாதுன்னு சொல்லணும், அதை இப்படிச் சொல்லணும், அப்படிச் சொல்லணும்னு கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பேசிப் பாப்பாரு. திரும்பி வந்து, ‘இன்னிக்கும் பேச வாய்ப்பு வரல’ன்னு சொல்லுவாரு. அத்தனையும் பொய்யாங்க?” குரல் உடைந்தது. “வேற எவ வீட்டுக்குங்க போறாரு?”

தலைவிகூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு நல்ல பெண்ணை இப்படி அழவைத்துவிட்டு எங்கோ உல்லாசமாகத் திரியும் அந்தப் பிரதிநிதியைக் கையில் கிடைத்தால் உண்டு இல்லை என்று பண்ணிவிட வேண்டும் என்று செயலாளருக்கு ஆத்திரம் பொங்கியது.

“உக்காருங்கம்மா” என்று காலி நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு வராந்தாப் பக்கம் திரும்பி, “அண்ணே, அம்மாவுக்குச் சூடா ஒரு டீ!” என்று குரல் கொடுத்தார்.

டீக்காரர் தட்டோடு வாசலில் வந்து நின்றார். அந்தம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“என்னங்க இது?” என்றார் அந்தம்மா.

டீக்காரர் மனைவியைப் பார்த்தார், செயலாளரைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார்.

“முதல் கூட்டத்துக்கு உள்ள நுழையுறப்பவே சார் ‘டீ எங்கப்பா’ன்னு கேட்டாரு, குழுவுல பொதுமக்களுக்கு இதான் வேலை போலன்னு நெனச்சுக்கிட்டேன்.”