ஒன்பதாவது வளைவில் இடைவேளை

தமிழ் சினிமாவின் இரண்டாம் பாதியை எங்கள் ஜீப் டிரைவர் அளவுக்கு நன்றாக எடுத்தவர் எவரும் இல்லை. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன். கேமராவை அவர் தொட்டதே கிடையாது. கோடம்பாக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் தேனி பஸ் நிற்கும் பக்கம் கையைக் காட்டுவார். இருந்தாலும் எடுத்தார். காலை ஆறரை மணிக்குப் பதினாறு பேரை ஏற்றிக்கொண்டு, ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறு கையில் கதாநாயகியுமாக மலை மேல் எடுத்தார்.

அவருடைய பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. போடிநாயக்கனூர் ஜீப் ஸ்டாண்டில் ‘இடைவேளை’ என்று கேட்டால் போதும், ஆளைக் காட்டிவிடுவார்கள். போடிமெட்டுக்கு அப்பால் ஒரு ஏலத்தோட்ட ஆபீசில் நான் ஆறு வருடம் வேலை பார்த்தேன். போக வர அவருடைய ஜீப்புதான். ஆபீஸ்காரன் என்பதால் எனக்கு முன்சீட்டு. பின்னால் சிலமலையிலிருந்து ஏலக்காய் எடுக்க வரும் பெண்கள், மடியில் தூக்குவாளியோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள்.

மலைக்குப் பதினேழு வளைவு. தியேட்டரில் பார்த்த படத்தின் கதையை ஏறும்போது எங்களுக்குச் சொல்வார், முதல் வளைவில் எழுத்துப் போட்டுவிடுவார். சண்டைக் காட்சி என்றால் அடுத்த வளைவு வரும்வரை பொறுத்திருந்து, ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதுதான் அடியைப் போடுவார். அடியாட்கள் விழுகிற பக்கமெல்லாம் நானும் விழுவேன். டூயட்டுக்கு மூடுபனி கட்டாயம். பனி இல்லாவிட்டால் “பாட்டு பெறகு வரும்” என்று தள்ளிவைத்துவிடுவார். ஒரு சித்திரை மாதத்தில் மூன்று பாட்டும் நிலுவையில் நின்று, படம் முடிந்து மெட்டில் இறங்குகிற நேரத்தில் பனி வந்தது. மூன்றையும் அங்கேயே பாடி முடித்த பிறகுதான் எங்களை இறங்கவிட்டார். கதைப்படி அந்தக் காதலர்களுக்கு அப்போது குழந்தையே பிறந்திருந்தது.

ஒன்பதாவது வளைவில் ஜீப்பை ஓரங்கட்டி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றியபடி “இடைவேளை” என்பார். பெண்கள் வெற்றிலை போடுவார்கள். கீழே போடி ஊர் பாதி வெயிலிலும் பாதி பனியிலும் கிடக்கும். மேலே பார்த்தால் மலையே இருக்காது, வெள்ளையாக ஒரு திரைதான் தொங்கும். அந்தத் திரைக்குள் ஜீப் நுழைந்ததும் இரண்டாம் பாதி தொடங்கும்.

அந்த இரண்டாம் பாதிகளை நினைத்தால் இப்போதும் எனக்குக் கிறக்கமாக இருக்கிறது. துபாயில் ஆரம்பித்த கதைகூட ஒன்பதாவது வளைவு தாண்டியதும் மலை ஏறிவிடும். வில்லன் திருந்தி ஏலத்தோட்டத்தில் கவாத்து வேலைக்குச் சேர்ந்துவிடுவான். கதாநாயகன் வழி தெரியாமல் பனியில் அலைவான். அவனைத் தூக்குவாளியோடு வரும் ஒரு பெண் காப்பாற்றுவாள். முக்கியமாக, இடைவேளைக்குப் பிறகு ஒரு ஈ காக்கைகூடச் சாகாது. தமிழ் சினிமா ஏன் இப்படி மலையையே சுற்றுகிறது என்று ஆறு வருடத்தில் ஒருநாளாவது நான் யோசித்திருக்க வேண்டும். கல்யாண வீட்டில் ஒரு படத்தின் முடிவைப் பற்றி மச்சானிடம் வாதாடி, “மாப்ளே, நீங்க எந்தத் தேட்டர்ல பாத்தீங்க?” என்று அவர் பந்தி முழுக்கக் கேட்கும்படி கேட்டபோதும், எஞ்சின் சத்தத்தில் நான்தான் தப்பாகக் கேட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

டிரைவருக்குப் பிடித்த நடிகர் பெரிய நாயகர் யாருமில்லை. நாயகனுக்கு அண்ணனாகவோ நாயகிக்கு அப்பாவாகவோ வந்து, நல்லதாக நாலு வார்த்தை பேசி, முதல் பாதியிலேயே செத்துப்போகிற ஒரு துணை நடிகர். போஸ்டரில் முகம் வராத ஆள். இவர் அவரை ‘நம்மாளு’ என்றுதான் சொல்வார். நம்மாளு சாவது பெரும்பாலும் ஏழாவது வளைவில். அங்கே ஜீப்பை மெதுவாக்கி, மரியாதைக்கு ஒரு நீளமான ஹார்ன் அடிப்பார். எதிரே வரும் கேரளா லாரிக்காரர்கள் பயந்துபோய்ச் சுவரோடு ஒட்டி நிற்பார்கள். நாயகனை விட்டுவிட்டு ஏன் நம்மாளு மேல் இத்தனை பிரியம் என்று கேட்டேன். “அவரு கததான் சார் எனக்கு முழுசாத் தெரிஞ்சது” என்றார். பெரிய தத்துவம் என்று நினைத்துத் தலையாட்டி வைத்தேன்.

வினை ஒரு போனில் வந்தது. அந்த வாரப் படத்தில் இடைவேளையின்போது நாயகியை லாரி அடித்துவிடும். எங்கள் ஜீப்பில் அவள் பிழைத்து, மலை ஏறி வந்து, போடிமெட்டில் டீக்கடை வைத்து நன்றாக இருந்தாள். பொட்டிபுரத்து ஜீப்பில் வரும் பெண்களில் ஒருத்தி அதே படத்தைப் போனில் பார்த்திருந்தாள். நாயகி செத்துவிட்டாள் என்று காய் எடுக்கும்போது அவள் சொல்லப்போக, எங்கள் ஜீப்பின் தலைவி செல்லத்தாயிக்குக் கோபம் வந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக அந்த ஜீப்பில் வருகிறவள். படம் என்று எதையும் தியேட்டரில் பார்த்திராதவள். கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சத்தியம் செய்தாள்: ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் நேரிலேயே போய்ப் பார்ப்பது, நாயகி செத்திருந்தால் சிலமலைக்காரர்கள் அத்தனை பேரும் இனிமேல் பொட்டிபுரத்து ஜீப்பில் ஏறிவிடுவது.

மலையில் விடுமுறைக்கு ‘அவதி’ என்பார்கள். மலையாளத்திலிருந்து ஒட்டிக்கொண்ட சொல். சனிக்கிழமை சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்கும்போது செல்லத்தாயி, “நாளைக்கு அவதிதானண்ணே, நீங்களும் வரணும்” என்றாள். அவள் சொன்னது மலையாள அவதி. அவர் முகத்தில் தெரிந்தது சுத்தத் தமிழ் அவதி.

எல்லாரும் போன பிறகு என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போய் உண்மையைச் சொன்னார். மேலே மூன்று மணிக்கு வேலை விடும். அதற்கு அவர் ஒன்றேகாலுக்கெல்லாம் ஸ்டாண்டிலிருந்து ஜீப்பை எடுத்தாக வேண்டும். ஆகவே காலைக் காட்சியில் இடைவேளை விட்டதும் எழுந்து வந்துவிடுவார். இத்தனை வருடத்தில் ஒரு படத்துக்குக்கூட இரண்டாம் பாதியை அவர் பார்த்ததில்லை.

எனக்கு மச்சானின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. பிறகு எதற்கு முழுக்கதையும் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“எங்கிட்ட இருக்குறது ஒம்பது வளைவுக்குக் கத சார். மிச்சம் எட்டு வளைவு இருக்கே. கேக்குறவுக பாதி மலையில எறங்க முடியுமா?”

ஞாயிற்றுக்கிழமையில் போய் மீதியைப் பார்த்திருக்கலாமே என்றேன். டீயை ஆற்றினார். “நம்ம மிச்சம் நல்லா வந்துருச்சு சார். போய்ப் பாத்தா வம்பு” என்றார். அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. அவருடைய கவலை ஜீப்பில் லோடு குறைவதைப் பற்றி மட்டும் இல்லை. ஆள் யாரும் ஏறலாம். செல்லத்தாயி மாதிரிக் கேட்க எல்லாராலும் முடியாது.

மறுநாள் தியேட்டரில் ஒரு வரிசை முழுக்கச் சிலமலை. ஓரத்து நாற்காலியில் அவர், பக்கத்தில் நான். இடைவேளை மணி அடித்ததும் அவர் கால் தானாக எழுந்துவிட்டது. செல்லத்தாயி சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். “உக்காருண்ணே. இன்னைக்கு ஒரு சோலியும் இல்ல.”

இரண்டாம் பாதி தொடங்கி ஐந்தாவது நிமிடம் நாயகி செத்துப்போனாள். எங்கள் வரிசை முழுக்கத் திரும்பி அவரைப் பார்த்தது. அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு திரையில் பழைய கதை ஓட ஆரம்பித்தது. நாயகியின் அப்பா, அதாவது முதல் பாதியிலேயே செத்த நம்மாளு, சின்ன வயதுக்காரராக வந்தார். திருவிழாக் கூட்டத்தில் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் அவளுக்கு ரிப்பன் கட்டிவிடத் திண்டாடிக்கொண்டிருந்தார். குரல் கேட்டு இவர் துண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். அப்படியே எழுந்து நின்றுவிட்டார். பின்வரிசையில் உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். அவர் காதில் எதுவும் விழவில்லை. திரை வெளிச்சத்தில் கண்ணீர் வடிய, வாயைத் திறந்தபடி சிரித்துக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை காலை ஸ்டாண்டில் செல்லத்தாயி அவரைப் பார்க்காமல் பொட்டிபுரத்து ஜீப்பில் ஏறினாள். மற்றவர்களும் தலையைக் குனிந்துகொண்டு ஏறினார்கள். சத்தியம் என்றால் சத்தியம். எங்கள் ஜீப்பில் அவரும் நானும் பின்னால் காற்றும்தான். எழுத்துப் போடவில்லை. ஏழாவது வளைவில் ஹார்ன் இல்லை. ஒன்பதாவதில் தண்ணீர் ஊற்றிவிட்டு, கேனைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

“செத்தவுக ரெண்டாம் பாதியில வருவாகளா சார்?”

அடிக்கடி வருவார்கள், பழைய கதை சொல்லும்போது அநேகமாக எல்லாப் படத்திலும் வருவார்கள் என்றேன்.

“அப்ப நான் எடுத்த படத்துலெல்லாம் அவர ஏழாவது வளைவுலயே விட்டுட்டு வந்துட்டேனே சார்.”

மூடுபனியைப் பார்த்தபடி சொன்னார். கேனை மூடி வைத்துவிட்டு ஜீப்பை எடுத்தார்.

செவ்வாய்க்கிழமை சிலமலை மொத்தமும் எங்கள் ஜீப்பில் திரும்பி வந்து ஏறியது. பொட்டிபுரத்து டிரைவர் வழியெல்லாம் போனில் பாட்டுப் போட்டாராம். கதை இல்லாததால் எங்கள் பெண்களுக்கு அப்போதுதான் மலையில் வளைவு இருப்பதே தெரிந்திருக்கிறது. ஒருத்தி மிச்சமில்லாமல் வாந்தி. செல்லத்தாயி பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கம் சொன்னாள். “ஒரு நா ஏறியாச்சு, சத்தியம் தீந்துச்சு. வெரசா எடுண்ணே.”

அவர் எடுத்தார், ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஒன்பதாவது வளைவில் தண்ணீர் ஊற்றி முடித்தும் ‘இடைவேளை’ என்று சொல்லவில்லை. செல்லத்தாயி பின்னாலிருந்து கேட்டாள், இடைவேளை முடிந்ததா இல்லையா என்று.

“படந்தான் பாத்துட்டீகளே தாயி. அவ செத்துட்டா.”

“அது அவுக எடுத்தது. நம்ம படத்துல மெட்டுல டீக்கட வச்சாளே, அதுக்கப்புறம் என்னாச்சு?”

அவர் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். கியர் விழுந்தது. ஜீப் பனிக்குள் போனது. “டீக்கடைக்கு ஒரு நா காலையில,” என்று ஆரம்பித்தார், “அவ அப்பா வர்றாரு.” செத்தவர் எப்படி வந்தார் என்று ஜீப்பில் ஒருவரும் கேட்கவில்லை. டீ குடித்துவிட்டு, வளர்ந்த மகளை உட்காரவைத்து, பாதியில் விட்ட ரிப்பனைக் கட்டி முடித்தார். பதினான்காவது வளைவில் நீளமாக ஒரு ஹார்ன் கேட்டது.

போன வருடம் எனக்கு மதுரை ஆபீசுக்கு மாற்றல் வந்தது. கடைசி நாள் காலையிலும் ஒரு புதுப்படம் சொன்னார். ஒன்பதாவது வளைவில் இடைவேளை விட்டார். அதன்பிறகு மெட்டு வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஆச்சரியம், பின்னாலிருந்தும் ஒரு குரல் வரவில்லை. அவர்களுக்குள் முன்பே பேசி வைத்திருந்தார்கள் என்று பிறகுதான் புரிந்தது. மெட்டில் இறங்கும்போது மீதியைக் கேட்டேன்.

“சொல்லிட்டா முடிஞ்சு போயிரும்ல சார்” என்றார். “மலைக்கு வரும்போது கேட்டுக்குங்க.”

முந்தாநாள் அந்தப் படத்தை டிவியில் போட்டார்கள். வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடைவேளை என்று எழுத்து வந்ததும் நான் எழுந்து அணைத்துவிட்டேன். இரண்டு நாளாக வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை. அந்தப் படத்தின் மீதி போடிமெட்டு ரோட்டில் பனிக்குள் இருக்கிறது. அதை அவர் வாயால் கேட்காமல் தெரிந்துகொள்ள எனக்கு இஷ்டமில்லை.