டேப்லெட் போட்ட டைம்டேபிள்

"இன்னியிலேருந்து இந்த வீட்டுல லேப்டாப்புக்கு வேலை கிடையாது!"

ஞாயிற்றுக்கிழமை காலை, டீ டம்ளரைக் கீழே வைக்கும் முன்பே டைம்டேபிள் சார் இப்படி அறிவித்தார். மேஜைமேல் புத்தம்புது டேப்லெட் பளபளத்தது. பக்கத்தில் பழைய லேப்டாப், மூடியில் கீறலும் முதுகில் சூடுமாக, உர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

சார் பள்ளிக்கூடத்தின் உதவித் தலைமையாசிரியர். முப்பத்தெட்டு ஆசிரியர்களில் யார், எந்த நாள், எந்த பீரியடில், எந்த வகுப்பில் போய் நிற்க வேண்டும் என்று வருடா வருடம் கட்டம் கட்டமாகப் போடுகிறவர். அவருடைய மனைவி அதே பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டில் இருப்பது இவர்கள் இருவரும் அந்த ஒரு லேப்டாப்பும்தான்.

"அப்ப லேப்டாப்பை என்னங்க பண்றது?" என்றார் டீச்சர்.

"கடைக்காரர்கிட்ட பேசிட்டேன். பத்து நாளைக்குள்ள கொண்டுபோய்க் கொடுத்தா எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்குவாராம்."

"என் கேள்வித்தாள் எல்லாம் அதுலதானே இருக்கு?"

"இதுலயும் இருக்கு, பாரு! ரெண்டும் ஒரே அக்கவுண்ட். இதுல ஒரு எழுத்து தட்டினா அந்த நிமிஷமே அதுல தெரியும். அதுல தட்டினா இதுல தெரியும். எல்லாத்தையும் சேர்த்து வச்சுக் கொடுத்துட்டார்."

"ஓகோ" என்றார் டீச்சர். அந்த ஓகோவை சார் கொஞ்சம் கவனித்திருக்கலாம். கவனிக்கவில்லை.

"டேப்லெட்டுல படம் பாக்கலாம், பேப்பர் படிக்கலாம். லேப்டாப் பண்ற வேலையெல்லாம் பண்ணுமா?" என்று டீச்சரே மறுபடி கேட்டார்.

"பண்ணுமாவா? படுத்துக்கிட்டே பண்ணலாம்!"

"படுத்துக்கிறதுக்கு டேப்லெட் எதுக்குங்க? அதை நீங்க சும்மாவே நல்லா பண்ணுவீங்களே."

சாருக்குச் சுருக்கென்றது. "என்ன வேலைன்னாலும் சொல்லு. இதுல செஞ்சு காட்டறேன்."

"சரி. இந்த வருஷ டைம்டேபிளை முழுக்க இதுலயே போடுங்க. லேப்டாப்பைத் தொடக்கூடாது. வெள்ளிக்கிழமை ஸ்டாஃப் மீட்டிங்ல கொண்டுபோய் வச்சுட்டீங்கன்னா, நானே லேப்டாப்பைத் துடைச்சுப் பையில போட்டுத் தர்றேன்."

"முடியலேன்னா?"

"டேப்லெட் கடைக்குத் திரும்பிப் போகும். எனக்கு ஒன்பது பி-யிலேருந்து விடுதலை."

ஒன்பது பி பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அறுபது பேர். சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் வரும் பீரியட். பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள். மீதிப் பேர் அவர்களை எழுப்புவதில் மும்முரமாக இருப்பார்கள். அந்த நேரத்தில்தான் கணக்குப் பாடம். வாரத்தில் ஐந்து நாளும், பத்து வருடமாக. "பொண்டாட்டிக்குச் சலுகை காட்டினான்னு ஒருத்தன் வாயில வந்துடக் கூடாது" என்பது சாரின் கொள்கை. அதனால் பள்ளியிலேயே படுமோசமான பீரியடை எடுத்து மனைவி தலையில் கட்டி, நியாயத்தை நிலைநாட்டி வந்தார். சாயங்காலம் டீச்சர் தொண்டை கட்டிப்போய், பேசவும் முடியாமல் வெந்நீர் குடிப்பதைப் பார்த்தால் அவருக்கே பாவமாகத்தான் இருக்கும். ஆனால் கொள்கை கொள்கைதானே?

அதே ஒன்பது பி-க்குக் காலை முதல் பீரியட் சமூக அறிவியல். அதை நடத்துகிறவர் சார். குளித்துத் தலைவாரி, கை கட்டிக்கொண்டு பிள்ளைகள் பூப்போல உட்கார்ந்திருக்கும் நேரம். "சமூக அறிவியல் காலையிலதான் மண்டையில ஏறும்" என்பார். அதுவும் கொள்கைதான்.

"பந்தயம் பந்தயம்தான்!" என்று டேப்லெட்டைத் தட்டினார் சார். அது பயந்துபோய் அணைந்துவிட்டது.

திங்கட்கிழமை வேலை ஆரம்பமானது. சாய்வு நாற்காலியில் சாய்ந்து, வயிற்றின்மேல் டேப்லெட்டை நிறுத்தி, சுட்டுவிரலை நீட்டினார். கட்டம் கடுகளவு, விரல் கத்தரிக்காய் அளவு. தமிழ் ஐயாவுக்கு வைத்த பீரியட் பக்கத்துக் கட்டத்து டிராயிங் மாஸ்டருக்குப் போயிற்று. பெரிதாக்கினால் எட்டு ஆசிரியர்கள்தான் தெரிந்தார்கள். மீதி முப்பது பேரைத் தேடி மேலும் கீழும் தள்ளியதில் விரல்நுனி தேய்ந்தது.

"எப்படிப் போகுது?" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"ஜோரா போகுது!"

"எத்தனை பேருக்குப் போட்டாச்சு?"

"ரெண்டு பேருக்கு."

"நாளைக்கு எத்தனை பேருக்கு?"

"அதே ரெண்டு பேருக்குத் திருத்தணும்."

செவ்வாய்க்கிழமை பதினெட்டுப் பேர்வரை வந்துவிட்டார். அந்த மகிழ்ச்சியில் ஒரு தும்மல் வந்தது. உள்ளங்கை திரையில் அழுந்திற்று. கண்ணைத் திறந்து பார்த்தால் பிரின்ஸிபால் அம்மா உட்பட எல்லோருக்கும் எல்லா பீரியடும் விளையாட்டு வகுப்பு.

புதன்கிழமை கடைக்குப் போய்த் தனியாக ஒரு கீபோர்டு வாங்கி வந்தார். கீபோர்டை வைத்தால் டேப்லெட் மல்லாந்து விழுந்தது. அதற்கு ஒரு ஸ்டாண்ட். விரலுக்குப் பதிலாக ஒரு மவுஸ். எல்லாவற்றையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பியபோது தட்டு வைக்க இடமில்லை.

டீச்சர் இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். "ஏங்க, திரை தனியா, கீபோர்டு தனியா, ஸ்டாண்ட் தனியா வாங்கி எல்லாத்தையும் ஒண்ணா வச்சா..."

"வச்சா?"

"லேப்டாப் மாதிரியே இருக்குங்க."

"உனக்குப் பொறாமை!"

"ஆமாங்க. நம்ம லேப்டாப் தானா விழாம நிக்குதேன்னு இந்த டேப்லெட்டுக்கும் பொறாமைதான்."

வியாழக்கிழமை சாயங்காலம் நிலைமை முற்றிவிட்டது. மறுநாள் மீட்டிங். முப்பத்தெட்டுப் பேருக்கும் எப்படியோ போட்டு முடித்திருந்தார். ஆனால் எங்கே பார்த்தாலும் மோதல், சிவப்புச் சிவப்பாகக் கட்டங்கள். ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் இருந்தார். ஆறு ஏ-யில் ஒரே நேரத்தில் மூன்று பேர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். தோற்றுப் போவோம் என்று சாருக்கு முதல்முறையாகத் தோன்றியது. டேப்லெட்டிலேயே போட்டுக் காட்டுகிறேன் என்று பள்ளி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"நான் உள்ளே போய்க் கேள்வித்தாள் அடிக்கணும்" என்று டீச்சர் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போனார். "நீங்க தொடக்கூடாதுன்னுதானே பந்தயம்? நான் தொடலாமில்ல?"

"தாராளமா!"

கதவைப் பாதி சாத்திக்கொண்டார். சார் தனிமையில் வாய்விட்டுப் புலம்பினார். வேலை செய்யும்போது அது அவர் வழக்கம். மனசுக்குள் யோசிக்க அவருக்கு வராது.

"ஐயோ, புதன் மூணாவது பீரியட்! தமிழ் ஐயா ஏழு பி-யிலயும் நிக்கறார், பத்து ஏ-யிலயும் நிக்கறார்! இந்த மனுஷனை நான் எங்கே தூக்கிப் போடுவேன்?"

பத்து எண்ணுவதற்குள், திரையில் தமிழ் ஐயா தானாக நகர்ந்தார். பத்து ஏ-யை விட்டுக் கிளம்பி வியாழன் இரண்டாவது பீரியடில் போய் அழகாக உட்கார்ந்தார்.

சார் கண்ணைக் கசக்கிக்கொண்டார். பிறகு, சோதனையாக, டேப்லெட்டைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "ஆறு ஏ-யில மூணு பேர் இருக்காங்களேப்பா?"

இரண்டு பேர் கிளம்பிப் போனார்கள்.

சாருக்கு உடம்பு புல்லரித்தது. "ஏம்மா! ஏம்மா! இங்க வாயேன்! இது தானா யோசிக்குது!"

படுக்கையறைக்குள் டக்டக்கென்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றது. "எது?"

"டேப்லெட்! நான் வாயால சொல்றேன், அது சரி பண்ணுது!"

"அப்படியா! நம்ம லேப்டாப் ஒருநாள்கூட அப்படிப் பண்ணினதில்லையே."

"அதான் சொன்னேனே! அதெல்லாம் பழைய காலம்! நீ உன் வேலையைப் பாரு. நான் இதை விரட்டறேன்."

டக்டக் மறுபடி ஆரம்பமாயிற்று. சார் எழுந்து நடந்துகொண்டே, பட்டாளத்துக்குக் கட்டளையிடுவதுபோல் ஒவ்வொரு மோதலாகச் சொன்னார். ஒவ்வொன்றும் தீர்ந்தது. அரை மணியில் ஒரு சிவப்புக் கட்டம்கூட பாக்கியில்லை. பத்து வருடத்தில் இத்தனை சுத்தமான டைம்டேபிளை அவர் பார்த்ததே கிடையாது. சட்டை நுனியால் திரையைத் துடைத்து, "என் ராசா" என்றார்.

"முடிஞ்சிருச்சா?" என்று வெளியே வந்தார் டீச்சர்.

"முடிஞ்சிருச்சா என்ன, ஜெயிச்சிருச்சு!"

"அப்ப ஒரு டீ குடிச்சிட்டு, தெருக்கோடிவரை காலாற நடந்துட்டு வாங்க. முகமெல்லாம் வேர்த்திருக்கு. நான் கேள்வித்தாளை முடிச்சிடறேன். பத்து நிமிஷம்தான்."

என்ன இருந்தாலும் தோற்றவள் அக்கறையாகப் பேசுகிறாளே என்று சாருக்கு மனசு நெகிழ்ந்தது. நடந்துவிட்டு வந்தார். ஒருமுறை எல்லாவற்றையும் சரிபார்க்கலாமா என்று விரலை நீட்டியவர், தும்மல் ஞாபகம் வந்து சட்டென்று இழுத்துக்கொண்டார். முதல் எட்டுப் பேர் திரையில் தெரிந்தார்கள். எட்டுப் பேருக்கும் சரியாக இருந்தது. பணிவு காரணமாகத் தன் பெயரைப் பட்டியலில் எப்போதும் முப்பத்தெட்டாவதாகத்தான் போடுவார். அதுவரை தள்ளிப்போய்ப் பார்க்கத் துணிவில்லை. அப்படியே பள்ளி ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு இடைவேளையில் ஸ்டாஃப் மீட்டிங். பள்ளி திறந்த நாளிலிருந்து ஏதோ தற்காலிக அட்டவணையில் ஓடிக்கொண்டிருந்ததால் எல்லோரும் ஆவலாக இருந்தார்கள். சார் டேப்லெட்டை மார்போடு அணைத்து எழுந்தார்.

"டேப்லெட் லேப்டாப்புக்கு ஈடாகுமான்னு கேக்கறாங்க. நான் சொல்றேன், ஈடு மட்டுமில்ல, ஒருபடி மேல! இந்த டைம்டேபிள்ல லேப்டாப்போட நிழல்கூட விழல. வேற ஒருத்தர் கை படல. ஒவ்வொரு கட்டமும் இந்த டேப்லெட்டும் நானும் சேர்ந்து போட்டது. சரியா இருந்தாலும் தப்பா இருந்தாலும் நானே முழுப் பொறுப்பு!"

கைத்தட்டல் கூரையைப் பிளந்தது. பிரின்ஸிபால் அம்மா கையெழுத்துப் போட்டார். "பிரமாதம் சார்! ஒரு மோதல்கூட இல்லை. இன்னிக்கு மத்தியானத்திலேருந்தே அமல். அடுத்த வருஷமும் இதுலயே நீங்கதான் போடறீங்க."

"உத்தரவு மேடம்!"

பலகையில் ஒட்டினார்கள். தமிழ் ஐயா சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். டிராயிங் மாஸ்டர் கட்டிக்கொண்டார். இந்த மனுஷருக்கு வாழ்க்கையில் இதைவிடப் பெரிய மத்தியானம் வாய்த்ததில்லை. பெருமை பொங்கப் பலகையை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்து, முப்பத்தெட்டாவது வரிசையில் நின்றார்.

சமூக அறிவியல். ஒன்பது பி. சாப்பாட்டுக்குப் பிந்திய பீரியட். திங்கள் முதல் வெள்ளி வரை.

ஒரு வரி மேலே பார்த்தார். கணக்கு, ஒன்பது பி, காலை முதல் பீரியட். திங்கள் முதல் வெள்ளி வரை.

மெல்லத் திரும்பினார். டீச்சர் ஜன்னலோரம் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சார் பக்கத்தில் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "என்னடி இது?"

"எதுங்க?"

"ஒன்பது பி!"

"எனக்கென்னங்க தெரியும்? டேப்லெட்தானே போட்டுச்சு?"

சாருக்கு அப்போதுதான் நேற்றைய படுக்கையறை டக்டக் காதில் விழுந்தது. "நேத்து... லேப்டாப்புல உக்காந்து நீதானே எல்லாத்தையும்..."

"சத்தமா சொல்லுங்க. பிரின்ஸிபால் அம்மா இங்கதான் இருக்காங்க."

சார் திரும்பிப் பார்த்தார். பிரின்ஸிபால் அம்மா அவரைப் பார்த்துப் புன்னகை செய்தார். அவரும் செய்தார்.

"சாயங்காலம் லேப்டாப்பைத் துடைச்சுப் பையில போட்டுத் தரட்டுமா?" என்றார் டீச்சர் பரிவோடு. "பந்தயத்துல நீங்கதானே ஜெயிச்சீங்க."

அடுத்த வருட டைம்டேபிள் சாரின் கண்முன் வந்து நின்றது. முப்பத்தெட்டுப் பேரும் விளையாட்டு வகுப்பில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"வேண்டாம்" என்றார். "அது வீட்டுலயே இருக்கட்டும்."

"நீங்க சொன்னா சரிங்க."

மணி அடித்தது. தூரத்தில் ஒன்பது பி அறுபது தொண்டையால் அதை வரவேற்றது. டீச்சர் கையை நீட்டி, அவர் மார்போடு அணைத்திருந்த டேப்லெட்டை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"இதையும் கொடுத்துட்டுப் போங்க. அந்த கிளாஸுக்கு ரெண்டு கையும் வேணும்."