வழி விட்ட மாப்பிள்ளைத் தோழன்

சிலருக்குச் சீனி வியாதி, சிலருக்குப் பிரஷர். எனக்கு இருப்பது வழி விடுகிற வியாதி. (இதற்கு மருந்தும் இல்லை, பத்தியமும் இல்லை. மனைவியின் ஏச்சு மட்டும் மூன்று வேளையும் உண்டு.)

ரொறன்ரோவில் நானூற்றொன்று என்றொரு பெருந்தெரு இருக்கிறது. நிரை நிரையாக வாகனங்கள் பறக்கும். நான் எப்போதும் வலது கரையோரமாக, ஏதாவது ஒரு பெரிய லொறிக்குப் பின்னால், பிள்ளையார் ஊர்வலம் போவதுபோலப் போய்க்கொண்டிருப்பேன். பக்கத்தால் வந்து ஏறும் பாதையிலிருந்து யாராவது மூக்கை நீட்டினால் வேகத்தைக் குறைத்து, கையைக் காட்டி, “நீங்கள் போங்கோ” என்று விடுவேன். அவர் போனதும் அவருக்குப் பின்னால் நிற்பவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும். அவரையும் விடுவேன். எனக்குப் பின்னால் வருகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது, கண்ணாடி பூட்டியிருப்பதால், கேட்பதில்லை. வேலை முடிந்து வீடு வந்து சேரும்போது சோறு ஆறியிருக்கும், மனைவி கொதித்துக்கொண்டிருப்பாள்.

இவ்வளவு காலம் ஓடியும் புத்தி வரவில்லையா என்று கேட்கலாம். வரவில்லை. அக்காவின் கல்யாணத்தையே குழப்பப் பார்த்தவனுக்கு வராத புத்தி இனியா வரப்போகிறது?

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்கு முன் நான் வெள்ளவத்தையில் மாமாவின் கடை வான் ஓடிக்கொண்டிருந்தேன். காலி வீதியில் எனக்கு ஓட்டம் பழக்கியவர் நிரை தவறினால் முழங்கையில் அடிமட்டத்தால் போடுவார். பெருந்தெருவில் வருபவனுக்கு முதலிடம், ஒடுங்கிய தெருவில் எதிரே வருபவனுக்கு இடம் விடு, அவசரப்படுகிறவனை முன்னால் விடு. எல்லாம் முழங்கை வழியாக மண்டைக்குள் ஏறியது. பிறகு கடை எரிந்தது, வான் எரிந்தது. இந்த ஒழுங்கு மட்டும் எரியாமல் என்னோடு அகதிக் கப்பலேறிக் காங்கேசன்துறைக்கு வந்துவிட்டது.

சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டில் கார் ஏது? சாரதி அனுமதிப்பத்திரத்தைச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு ஒன்பது வருடம் சைக்கிள் ஓடினேன். அதற்குள் பொருளாதாரத் தடையும் வந்து, குடாநாடு முழுக்கச் சைக்கிளுக்கு மாறிவிட்டது. பெற்றோல் என்ற சாமானைக் கண்ணால் காண்பதே அரிது. மிச்சம் சொச்சமாக இருந்த பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சொட்டுப் பெற்றோலை ஊசியால் உள்ளே அடித்து எஞ்சினை எழுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பிறகு அது கறுப்புப் புகை கக்கி, இருமி இருமி ஓடும். அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தால் செத்துவிடும். மறுபடி எழுப்ப மறுபடி ஒரு சொட்டுப் பெற்றோல்.

அப்படியொரு காலத்தில் அக்காவுக்குக் கல்யாணம் பொருந்தியது. பொருந்தியது என்றால் சும்மா இல்லை. ஒருமுறை ஷெல்லடியால் தள்ளிப்போனது, ஒருமுறை மாப்பிள்ளை வீட்டில் செத்தவீட்டுத் துடக்கு. அக்காவுக்கு முப்பத்திரண்டு வயதாகிவிட்டது. கடைசியில் நாள் வைத்தது ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தத்தில். ஆடி பிறந்துவிட்டால் ஆவணி வரைக்கும் பொறுக்க வேண்டும். அந்த நாட்களில் ஆவணியை யார் கண்டது? அக்கா ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் எழுந்து கலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணி வைத்தாள்.

எங்கள் வழக்கப்படி பெண்ணின் தம்பிதான் மாப்பிள்ளைத் தோழன். மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் அவரை அழைத்துவந்து, வாசலில் கால் கழுவி உள்ளே விட வேண்டியது அவன் பொறுப்பு. மாப்பிள்ளை உரும்பிராய். எல்லோரும் சைக்கிளில் போகலாம் என்றார்கள். நான்தான் துள்ளினேன். மாப்பிள்ளையைக் காரில் கொண்டுவராவிட்டால் சபையில் என்ன மரியாதை?

ஊரில் கார் வைத்திருந்தவர் கந்தப்பு அண்ணை. எஞ்சினை எழுப்பச் சுற்றிய ஹாண்டில் திருப்பி அடித்ததில் அவருக்கு வலக்கை மணிக்கட்டு முறிந்து, கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கியது. ஓட்டுவதற்கு ஆளில்லை என்று சொன்னவருக்கு நான் பையிலிருந்து லைசென்சை எடுத்துக் காட்டினேன். அவர் அதைப் பார்த்த பார்வையிலேயே நான் விளங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

உரும்பிராயில் மாப்பிள்ளை தலைப்பாகையோடு பின்சீட்டில் ஏறினார். பேச்சு வார்த்தை இல்லாத மனிதர். பக்கத்தில் அவருடைய தமக்கை சரோஜா அக்கா, கூறையும் தாலியும் வைத்த தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு. (சரோஜா அக்காவுக்குத் தம்பியின் பங்குப் பேச்சும் சேர்ந்து வாய்த்திருந்தது.) முன்னால் என் பக்கத்தில் கந்தப்பு அண்ணை, இடது கையில் பெற்றோல் ஊற்றிய ஒரு மருந்துப் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

“தம்பி, ஒண்டை மட்டும் ஞாபகம் வைச்சிரு. காலை எடுத்தால் கார் செத்துப்போம். போத்திலுக்கை கனக்க இல்லை. எங்கையும் நிப்பாட்டாதை.”

“ஓம் அண்ணை.”

வழியில் பிள்ளையார் கோயில். மாப்பிள்ளைக் கார் நின்று தேங்காய் உடைத்துவிட்டுப் போவதுதான் முறை. கந்தப்பு அண்ணை என்னை நிறுத்த விடவில்லை. ஓடுகிற காரிலிருந்து உடம்பை வெளியே நீட்டி, இடது கையாலேயே தேங்காயை எறிந்தார். அது சரியாகக் கல்லில் பட்டுச் சிதறியது.

“பிள்ளையாருக்கு எங்கடை நிலைமை விளங்கும்” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“பிள்ளையாருக்கே நிக்காத கார், இனி ஆருக்கு நிக்கப்போகுது?” என்று சரோஜா அக்கா சொன்னது பெருமையாகவா குறையாகவா என்று யோசித்துக்கொண்டே நான் மருதனார்மடம் சந்திக்கு வந்துவிட்டேன்.

சந்தை கலைகிற நேரம். குறுக்கே போகும் காங்கேசன்துறை வீதி முழுக்கச் சைக்கிள். பீற்றூட் மூட்டை கட்டிய சைக்கிள், வாழைக்குலை தொங்கும் சைக்கிள், முன்னுக்கும் பின்னுக்குமாகக் குடும்பத்தை ஏற்றிய சைக்கிள். எனக்கு முழங்கை சுணைத்தது. பெருந்தெருவில் வருபவனுக்கு முதலிடம். காலை எடுத்து, நிறுத்தி, கையை வெளியே நீட்டினேன்.

“நீங்கள் போங்கோ.”

முன்னால் வந்த பீற்றூட் மூட்டைக்காரர் பிரேக் பிடித்து நின்றுவிட்டார். ஒரு கார் தனக்கு நிற்கும் என்று அவர் கனவிலும் கண்டதில்லை.

“இல்லை, நீங்கள் போங்கோ. மாப்பிள்ளைக் கார்” என்றார்.

“இல்லை இல்லை, பெருந்தெரு உங்களுக்குத்தான்.”

“அட, போங்கோ எண்டுறன்!”

“நீங்கள் முதல் போங்கோ!”

இந்த மரியாதைப் போட்டியில் அவருக்குப் பின்னால் சைக்கிள்கள் குவிந்து, மணிகள் அலறத் தொடங்கின. கடைசியில் அவர் தோற்றுப் புறப்பட்டார். அவ்வளவுதான், அணை உடைந்தது. ஒருவர் பின் ஒருவராகச் சைக்கிள்கள் வந்துகொண்டே இருந்தன. எங்கே மறிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கார் இரண்டு தரம் இருமி, மூச்சை விட்டது. அதன் மூக்கு நடுச்சந்தியில் நின்றதால் இப்போது சுற்றிவர எல்லாச் சைக்கிளும் எங்களைப் பார்த்தே மணியடித்தன.

“ஆரடா உனக்கு லைசென்ஸ் தந்தவன்?” என்றார் கந்தப்பு அண்ணை.

“கொழும்பிலை...”

“அப்ப கொழும்பிலை போய் ஓடு!”

வேட்டியை மடித்துக் கட்டி, ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினேன். சுற்றினேன், சுற்றினேன், தோள்மூட்டுக் கழன்றுவிடும் போலிருந்தது. பெற்றோல் குறையக் குறையக் கந்தப்பு அண்ணையின் முகமும் சிறுத்துக்கொண்டு வந்தது. ஒருவழியாக எஞ்சின் எழும்பியபோது போத்தலின் அடியில் ஏதோ பேருக்கு மினுங்கியது.

நேரம் போய்விட்டதென்று உடுவில் பக்கத்தால் ஒடுங்கிய தோட்டத்து ஒழுங்கை ஒன்றில் காரை விட்டேன். இரண்டு பக்கமும் வெங்காயம். எங்கள் வீட்டுக்கு இன்னும் கொஞ்சத் தூரம்தான். மனம் லேசாகி நான் மூச்சு விட்ட நேரம், எதிரே வைக்கோல் ஏற்றிய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று படபடவென்று வந்தது.

“நேரை போ. அவன் ஒதுங்குவான்” என்றார் கந்தப்பு அண்ணை.

மண்டைக்கு அது கேட்டது. கைக்குக் கேட்கவில்லை. கை தன் பாட்டில் இடதுபக்கம் திருப்பியது. இடப்பக்கச் சில்லு இரண்டும் வாய்க்காலில் இறங்கின. கார் சரிந்தது. போத்தல் கவிழ்ந்து, குடாநாட்டில் எங்களுக்குச் சொந்தமாக இருந்த கடைசிப் பெற்றோல் கந்தப்பு அண்ணையின் பட்டு வேட்டியில் ஊறியது. லாண்ட்மாஸ்டர்காரன் கையை உயர்த்தி, “அண்ணை, நல்ல மனுசன்!” என்று சொல்லிவிட்டுப் போனான். என் வாழ்நாளில் வழி விட்டதற்கு நன்றி சொன்ன ஒரே ஆள் அவன்தான்.

சரோஜா அக்கா தட்டத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி சரிந்து கிடந்தார். “உங்கடை ஆக்களுக்கு மாப்பிள்ளை வேண்டாமெண்டால் வாயாலை சொல்லியிருக்கலாமே!”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்கா மணவறைக்கு உடுத்திக்கொண்டு இருப்பாள். அவளைப் பற்றி நினைக்கவே பயமாக இருந்தது.

அப்போது பின்னால் இரண்டு சைக்கிள் வந்தன. ஒன்றில் அதே பீற்றூட் மூட்டைக்காரர், மற்றதில் அவருடைய கூட்டாளி.

“உவர்தானே சந்தியிலை எங்களை மறிச்சுக்கொண்டு நிண்டவர்?” என்றார் மூட்டைக்காரர். பிறகு மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். “சரி, உந்த மனுசனுக்காகத் தாறன். உமக்காக இல்லை.”

மூட்டையை வரம்பில் இறக்கினார். அவருடைய சைக்கிளை நான் மிதிக்க, முன் பாரில் மாப்பிள்ளை. தலைப்பாகை சரோஜா அக்காவின் தட்டத்துக்குப் போனது. மற்றச் சைக்கிளைக் கூட்டாளி மிதிக்க, பாரில் மூட்டைக்காரர் (சைக்கிளை என்னை நம்பி விட்டுப்போக அவருக்கு மனமில்லை), கரியரில் சரோஜா அக்கா. கந்தப்பு அண்ணை காரோடு நின்றுகொண்டார். அவர் என்னைப் பார்க்கவில்லை.

சோளகக் காற்று முகத்துக்கு நேரே அடித்தது. செம்மண் புழுதி, மண்ணெண்ணெய்ப் புகை, வியர்வை எல்லாம் சேர்ந்து மாப்பிள்ளையை வெங்காயம் கிண்டிவிட்டு வருபவரைப் போல ஆக்கிவிட்டன. நான் இளைக்க இளைக்க மிதித்தேன். மற்றச் சைக்கிள் பாரம் தாங்காமல் பின்தங்கிவிட்டது.

எங்கள் வீட்டு ஒழுங்கை முகப்புக்கு வந்தேன். உள்ளேயிருந்து நாலைந்து சைக்கிள்கள் வேகமாக வந்தன. கரியரில் உறை போட்ட தவில், தோளில் நாதஸ்வரம். பாவம், இன்றைக்குக் கடைசி முகூர்த்தம், எங்கே எத்தனை கல்யாண வீட்டுக்கு ஓட வேண்டுமோ என்று எண்ணியபடி ஒரு காலை நிலத்தில் ஊன்றி ஒதுங்கினேன்.

“நீங்கள் போங்கோ.”

போனார்கள். போகிற போக்கில் ஒருவர் திரும்பிப் பார்த்து, “கலியாண வீட்டுக்கெண்டால் வீணாப் போகாதேங்கோ. மாப்பிள்ளை வரேல்லை. நாங்கள் அளவெட்டிக்கு அடுத்த கலியாணத்துக்குப் போறம்” என்றார்.

அதுவரை ஒரு வார்த்தை பேசாத மாப்பிள்ளை பாரில் இருந்தபடி கத்தினார். “நான்தான் மாப்பிள்ளை!”

அவர்கள் நல்ல பகிடி என்று சிரித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் சைக்கிளைத் திருப்பப் பார்த்தேன். மாப்பிள்ளை ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, திரும்ப வேண்டாம். நேரை போம். ஆர் வந்தாலும் நேரை போம்.”

வாசலில் அப்பா தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டதும் ஓடிவந்தார். “மேளகாரர் இப்பத்தானே போகினம்! வழியிலை காணேல்லையே?”

மாப்பிள்ளை இறங்கி வேட்டியை உதறியபடி சொன்னார். “கண்டனாங்கள் மாமா. தம்பி வழி விட்டவர்.”

நான் அவருடைய காலைக் கழுவினேன். செம்மண் போகப் போக வந்துகொண்டேயிருந்தது. என் கண்ணீரும் அதில் கொஞ்சம் சேர்ந்தது. அவர் முறைப்படி என் விரலில் மோதிரத்தைப் போட்டார். அந்த விரலை முறிக்கவில்லை என்பதே பெரிய குணம்.

தட்டமும் தலைப்பாகையும் வந்து சேர, ஐயர் அவசர அவசரமாக மந்திரத்தை முடித்தார். முகூர்த்தம் கழிய இன்னும் சொற்ப நேரம். தாலியை எடுத்துக் கொடுத்துவிட்டு, பழக்கதோஷத்தில், “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்றார்.

மேளம் இல்லை. பந்தல் முழுக்கச் சத்தமில்லை. அக்கா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அப்போது வேலிப் பக்கம் ஒரு சைக்கிள் மணி கிணுகிணுவென்று அடித்தது. பீற்றூட் மூட்டைக்காரர் தன் சைக்கிளை மீட்டுக்கொண்டு புறப்பட நின்றவர், எங்களைப் பார்த்துவிட்டு மணியை விடாமல் அடித்தார். அவருடைய கூட்டாளியும் அடித்தார். கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் சைக்கிளில்தானே வந்தவர்கள்? பின்வரிசையில் இருந்தவர்கள் எழும்பி வேலிக்கு ஓடினார்கள். ஊரிலுள்ள மணியெல்லாம் ஒன்றாக அடித்தன. அந்தச் சத்தத்தில் அத்தான் தாலியைக் கட்டினார். அக்கா சிரித்தாள். கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தாள்.

இப்போது அத்தானும் அக்காவும் இங்கேதான், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. போன வருடம் அவர்களுடைய மகளின் கல்யாணம் மண்டபத்தில் நடந்தது. மேளம் தவறாமல் வந்திருந்தது. (மேளகாரரை ஏற்றிவர என்னை விடுவதில்லை என்று முதற்கூட்டத்திலேயே முடிவாகிவிட்டது.) கெட்டிமேளம் முழங்கும்போது அத்தான் பட்டுச் சால்வைக்குள் இருந்து ஒரு சைக்கிள் மணியை எடுத்து அடித்தார். மாப்பிள்ளை வீட்டார் திகைத்துப்போனார்கள். அக்கா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்றிரவு அவர்களை வீட்டில் விட நான்தான் கார் ஓடினேன். எல்லோருக்கும் களைப்பு. நானூற்றொன்றில் ஏறி லொறிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தால் ஒரு சின்னக் கார் உள்ளே வர மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. கால் தானாக அக்சிலேற்றரை விட்டது. கை தானாக உயர்ந்தது. பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தார்கள். பின்சீட்டில் அத்தான் மணியடித்தார்.

அந்தக் கார் போனது. அதற்குப் பின்னால் இன்னொன்று நின்றது. அதையும் விட்டேன்.