டாரியஸை அனுப்பி வைத்தேன்

டாரியஸை வேறு அணிக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். சிக்ரிட்டைக் கேட்காமலே! முப்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் என் மனைவியைக் கேட்காமல் நான் எடுத்த முதல் முடிவு. கடைசி முடிவும் அதுதான்.

பனி கொட்டும் டுலூத் நகரத்தின் ஃபுட்பால் அணிக்கு, அதாவது பந்தைக் கையால் எறிந்து பிடிக்கும் அமெரிக்க ஃபுட்பாலுக்கு, நான்தான் மேனேஜர். டாரியஸ் எங்கள் நட்சத்திரம். எந்தப் பக்கம் எறிந்தாலும் பந்து அவன் கையில்தான் போய் விழும். சம்பளமும் அப்படித்தான். வீரர்கள் எல்லோர் சம்பளமும் சேர்ந்து லீக் வைத்த உச்சவரம்புக்குள் நிற்க வேண்டும். எங்களுடையது எகிறிவிட்டது. புதன்கிழமை மூன்று மணிக்குள் அவனை ஃப்ளோரிடா அணிக்குத் தள்ளிவிட்டால் பிழைத்தோம். இல்லாவிட்டால் என் வேலை போச்சு. முதலாளியம்மா சொல்லியே விட்டாள்.

ஒரே ஒரு சிக்கல். அவன் சம்மதக் கையெழுத்துப் போடாமல் அவனை எங்கேயும் அனுப்ப முடியாது. ஒப்பந்தத்தில் அப்படி எழுதிக்கொடுத்த மேதை அடியேன்தான்.

சனிக்கிழமை காகிதத்தைக் கொடுத்தேன். "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றான். அப்புறம் போனையே எடுக்கவில்லை. புதன் மதியம் இரண்டு மணிக்கு வீட்டுக்குள் பைத்தியம் மாதிரி நடந்துகொண்டிருந்தேன்.

"ஏங்க, தரை தேயுது" என்றாள் சிக்ரிட். "டாரியஸ் விஷயம்தானே?"

"உனக்கு யார் சொன்னா?"

"ஊரே சொல்லுது. பாவம், போக அவனுக்கும் இஷ்டம்தான். மூஸை நினைச்சுத்தான் தயங்கறான்."

மூஸ் அவன் நாய். நாய் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். கன்றுக்குட்டி உயரம், உடம்பெல்லாம் கம்பளி, வாயெல்லாம் எச்சில்.

"ஃப்ளோரிடா வெயில்ல அது செத்தே போயிடும்ங்க. இங்கே பனியிலேயே யாராவது வெச்சுக்கிட்டா..."

"யாராவதுன்னா?"

பதினோரு வருஷமாக நாய் கேட்கிறாள். பதினோரு வருஷமாக மாட்டேன் என்கிறேன். இந்த வீட்டில் என் பேச்சு எடுபட்ட ஒரே விஷயம் அது.

"நடக்காது! இந்த வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல நாய் இருக்கணும்!"

"அவசரப்படுத்தாதீங்க. யோசிச்சுச் சொல்றேன்."

மணி இரண்டு இருபது. வேலை போனால் நாளையிலிருந்து முழுநேரமும் வீடு. பனி வாரச் சொல்வாள். கராஜைக் கழுவச் சொல்வாள். நிஜமாகவே பயந்துவிட்டேன்.

"சரி, வெச்சுத் தொலை!"

சிக்ரிட் போனை எடுத்து ஏதோ தட்டினாள். அடுத்த நிமிஷம் வாசல் மணி அடித்தது. டாரியஸ்! அவனுக்கு முன்னால் மூஸ் பாய்ந்து வந்து என் தோளில் இரண்டு முன்னங்காலையும் போட்டு, முகத்தை ஈரமாக்கியது.

"எப்படிடா இவ்வளவு சீக்கிரம் வந்தே?"

"தெருமுனையில கார்லதான் இருந்தேன் சார்."

"போடு, போடு, கையெழுத்தைப் போடு!"

"அது அக்காகிட்ட இருக்கு சார்."

சிக்ரிட் ரொட்டி டப்பாவைத் திறந்து காகிதத்தை எடுத்து நீட்டினாள். கையெழுத்து அழகாக இருந்தது. கீழே தேதியும் அழகாக எழுதியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை.